மண் சேர்த்துச் சுட்ட அலுமினாச் சவ்வு காஸ்டிக் கழுவலில் கெடுவது ஏன்? மேல்பூச்சைச் சிர்கோனியாவாக மாற்றினால் போதுமா?

வடிநீர் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எண்ணெய் கலந்த கழுவுநீரை வடிகட்டுவதற்காக எங்கள் ஆய்வகத்தில் பீங்கான் குழாய்ச் சவ்வுகளை நாங்களே செய்து ஓட்டிவருகிறோம். சில வாரங்கள் நன்றாக உழைத்த குழாய்கள் இப்போது ஒன்றன்பின் ஒன்றாகக் கெடுகின்றன. காரணம் எனக்குப் பிடிபடவில்லை என்பதால் விவரம் முழுவதையும் எழுதுகிறேன்.

வடிகட்டும் மெல்லிய மேலடுக்கைச் சுமந்து நிற்கும் தாங்கிக் குழாயின் சுவர் 2 மில்லிமீட்டர் தடிமன். சராசரி 10 மைக்ரான் அளவுள்ள ஆல்பா அலுமினாத் தூளுடன் 12 சதவீதம் கயோலின் களிமண்ணும் 3 சதவீதம் ஃபெல்ட்ஸ்பாரும் கலந்து, துளைக்காகச் சோள மாவுப்பசையைச் சேர்த்து, அச்சில் பிதுக்கி எடுத்து, 1350 டிகிரி செல்சியசில் 2 மணி நேரம் சுடுகிறோம். தாங்கியின் துளைகள் ஏறத்தாழ 3 மைக்ரான். நுண்துளைமை, அதாவது மொத்தப் பருமனில் துளைகளின் பங்கு, 35 சதவீதம். உட்புறத்தில் 0.5 மைக்ரான் அலுமினாத் தூளின் குழம்பைப் பாலிவினைல் ஆல்கஹால் சேர்த்துப் பூசி மறுபடியும் சுடும்போது, 20 மைக்ரான் தடிமனில், சுமார் 0.2 மைக்ரான் துளைகளுடன் மேலடுக்கு கிடைக்கிறது.

ஓட்டும் அழுத்தம் 2.5 பார், சவ்வின் மேல் நீர் பாயும் வேகம் நொடிக்கு 1 மீட்டர். ஒவ்வொரு நாள் முடிவிலும் 2 சதவீத காஸ்டிக் சோடாக் கரைசலை 80 டிகிரியில் 1 மணி நேரம் சுற்றவிட்டு, தொடர்ந்து 0.5 சதவீத நைட்ரிக் அமிலத்தால் கழுவுகிறோம். புதிய குழாயில் 1 பார் அழுத்தத்தில் தூய நீர் ஒரு சதுர மீட்டருக்கு மணிக்கு 2,100 லிட்டர் அளவில் வடிந்தது. முதல் சில வாரங்களில், கழுவிய பிறகும்கூட, அது 1,500 வரை இறங்கியது. ஏழாவது வாரத்தில் திடீரென்று 2,600 ஆக ஏறியது. வடிநீரும் அன்றே கலங்கலாக வரத் தொடங்கியது. ஐசோபுரோப்பனாலில் நனைத்துக் குமிழ் அழுத்தத்தை (நனைந்த துளை வழியே முதல் காற்றுக் குமிழ் வெளியேறும் அழுத்தத்தை) பார்த்தபோது, புதிதில் 3.4 பாராக இருந்தது இப்போது 0.3 பாரில் நிற்கிறது.

அலுமினா காரத்தில் கரைந்துவிடுகிறது என்றும், சிர்கோனியாவையோ (சிர்கோனியம் ஆக்சைடு) டைட்டானியாவையோ (டைட்டானியம் ஆக்சைடு) மேலடுக்காகப் பூசினால் சிக்கல் தீரும் என்றும் உடன் பணியாற்றுபவர்கள் சொல்கிறார்கள். அதை நம்பி, எதுவும் கலக்காத தூய சிர்கோனியாத் தூளைப் பூசி 1100 டிகிரியில் சுட்டுப் பார்த்தேன். காயும்போது குறை எதுவும் தெரியவில்லை. சுட்ட பிறகு உருப்பெருக்கியில் பார்த்தால் வறண்ட ஏரியின் அடிமண் போலக் கட்டம் கட்டமாக வெடித்திருக்கிறது. மேலடுக்கை மாற்றுவது சரியான வழிதானா? அப்படியானால் வெடிப்பைத் தவிர்ப்பது எப்படி?

சூளையடி எழுதியது:

வணக்கம் வடிநீர் அவர்களே. இவ்வளவு எண்களுடன் கேள்வி வருவது அரிது. அதனால் ஊகத்தை விட்டுக் கணக்கிலிருந்தே தொடங்க முடிகிறது.

குமிழ் அழுத்தச் சோதனை சவ்வில் உள்ள மிகப் பெரிய துளையை மட்டுமே காட்டும். துளை விட்டம் என்பது பரப்பு இழுவிசையின் நான்கு மடங்கை அழுத்தத்தால் வகுத்தால் கிடைப்பது. ஐசோபுரோப்பனாலின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.022 நியூட்டன் என்று கொண்டால், 3.4 பார் என்பது 0.26 மைக்ரான், 0.3 பார் என்பது 2.9 மைக்ரான். உங்கள் தாங்கியின் துளை அளவும் 3 மைக்ரான்தான். இது தற்செயலாக ஒத்துப்போன எண் அன்று. மேலடுக்கில் எங்கோ ஓரிடத்தில் பூச்சு முழுவதுமாக விலகி, காற்று நேரே தாங்கியின் துளை வழியாக வெளியே வருகிறது என்பதையே அந்த 0.3 பார் சொல்கிறது.

உங்கள் நண்பர்கள் சொல்வதுபோல மேலடுக்கு முழுவதும் சீராகக் கரைந்திருந்தால் குமிழ் அழுத்தம் வாரந்தோறும் சிறிது சிறிதாகக் குறைந்திருக்கும். நீர் வடியும் வீதமும் தொடக்கத்திலிருந்தே ஏறுமுகமாக இருந்திருக்கும். நீங்கள் கண்டதோ முதலில் இறக்கம், பிறகு ஒரே தாவலில் ஏற்றம். எனவே பூச்சின் பெரும்பகுதி இன்னும் இருக்கிறது, சில இடங்களில் மட்டும் சில்லுச் சில்லாகப் பெயர்ந்திருக்கிறது என்பதே பொருந்தும் விளக்கம்.

அப்படிப் பெயர்வதற்குக் காரணம் பூச்சில் இல்லை, அதன் கீழே இருக்கிறது. நுண்துளைப் பீங்கானின் வலிமை அதன் துகள்களுக்குள் இருப்பதில்லை. ஒரு துகளும் அடுத்த துகளும் தொட்டு ஒட்டிக்கொண்ட கழுத்துகளில்தான் இருக்கிறது. உங்கள் தாங்கியில் துகள் ஆல்பா அலுமினா. கழுத்து எதனால் ஆனது? கயோலின் 500 முதல் 600 டிகிரிக்குள் தன் நீரை இழந்து மெட்டாகயோலினாகிறது. 1000 டிகிரிக்கு மேல் படிப்படியாக முல்லைட் என்னும் அலுமினா–சிலிக்காப் படிகமாகவும் மிச்ச சிலிக்காவாகவும் பிரிகிறது. ஃபெல்ட்ஸ்பாரில் உள்ள கார உலோகங்கள் அந்த மிச்ச சிலிக்காவை உருக்கிக் கண்ணாடியாக்கிவிடுகின்றன. நீர் இரண்டு கூழாங்கற்கள் தொடும் இடுக்கில் போய்த் தேங்குவதுபோல, உருகிய கண்ணாடியும் துகள்கள் தொடும் இடத்தில்தான் போய்ச் சேரும். 10 மைக்ரான் அலுமினாத் துகள்கள் வேறு துணையின்றித் தாமாகவே ஒட்டுவதற்கு 1600 டிகிரியும் அதற்கு மேலும் தேவைப்படும்; நீங்கள் 1350 டிகிரியிலேயே உறுதியான குழாய் பெறுகிறீர்கள் என்றால் ஒட்டியது அலுமினா அன்று, அந்தக் கண்ணாடிதான். சூடான காஸ்டிக் கரைசல் சிலிக்கன்–ஆக்சிஜன் பிணைப்புகளை அறுத்து அதைச் சிலிகேட்டாகக் கரைத்துக்கொண்டு போகிறது. துகள்கள் அப்படியே இருக்க, கழுத்துகள் மெலிகின்றன. ஒருநாள் பூச்சின் அடியில் பிடிமானம் இல்லாமல் போகிறது.

முதல் வாரங்களில் வீதம் இறங்கியதற்கும் இதிலேயே விடை இருக்கக்கூடும் என்று ஐயப்படுகிறேன். காஸ்டிக்குக்கும் அமிலத்துக்கும் இடையில் நன்றாக அலசாவிட்டால், துளைக்குள் தங்கிய சிலிகேட் அமிலத்தைக் கண்டவுடன் சிலிக்கா கூழாக மாறி அங்கேயே படிந்துவிடும். கழுவுவதற்காகச் செய்த வேலையே அடைப்பை உண்டாக்கியிருக்கலாம்.

நான் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டாம், சோதித்துப் பாருங்கள். பூச்சில்லாத தாங்கித் துண்டுகள் சிலவற்றை 110 டிகிரியில் உலர்த்தி எடைபோட்டு, அதே 2 சதவீதக் கரைசலில் 80 டிகிரியில் 100 மணி நேரம் ஊறவையுங்கள். கண்ணாடிக் குடுவையைத் தொடவே வேண்டாம். அதுவும் காரத்தில் சிலிக்காவை விட்டுக்கொடுத்து முடிவைக் குழப்பிவிடும். பாலிபுரோப்பிலீன் புட்டியே சரி. பிறகு எடை இழப்பையும், வளையமாக வெட்டிய துண்டு நொறுங்கும் விசையையும் அளவிடுங்கள். கரைசலில் சிலிக்கா இருக்கிறதா என்பதை மாலிப்டேட் நிறச் சோதனை காட்டிவிடும். களிமண் சேர்க்காத தூய அலுமினாத் தாங்கி ஒன்று எங்கிருந்தாவது கிடைத்தால் பக்கத்திலேயே அதையும் ஊறவையுங்கள்.

இன்னொரு கேள்வி. 3 மைக்ரான் துளையுள்ள தாங்கியின் மேல் 0.5 மைக்ரான் தூளை நேரடியாகவா பூசுகிறீர்கள்? இடையடுக்கு பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லையே.

சமமின்புள்ளி எழுதியது:

சூளையடி அவர்கள் தாங்கியைப் பற்றிச் சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன். ஆனாலும் மேலடுக்குக்கு எந்த ஆக்சைடு என்ற கேள்வியைத் தள்ளிவிடக் கூடாது. காரணம் மட்டும் வேறு. நீங்கள் அதைக் கரைதிறனுக்காகக் கேட்கிறீர்கள். நான் மின்னூட்டத்துக்காகக் கேட்கச் சொல்வேன்.

நீரில் நனைந்த எந்த ஆக்சைடின் பரப்பிலும் ஹைட்ராக்சில் தொகுதிகள் இருக்கும். அமில நீரில் அவை புரோட்டானை ஏற்று நேர்மின்னூட்டம் பெறும். கார நீரில் புரோட்டானை இழந்து எதிர்மின்னூட்டம் பெறும். இரண்டும் சமமாகும் பி.எச். மதிப்புதான் அந்த ஆக்சைடின் சமமின்புள்ளி. ஆல்பா அலுமினாவுக்கு அது 8 முதல் 9 வரை. டைட்டானியாவுக்கு 5 முதல் 6 வரை. சிர்கோனியாவுக்குப் பெரும்பாலும் 6 முதல் 7 வரை. சிலிக்காவுக்கு 2 முதல் 3 வரை. தூளின் தயாரிப்பு முறையையும் தூய்மையையும் பொறுத்து இவை சற்று நகரும்.

எண்ணெய்த் துளிகளோ நடுநிலை நீரில் எதிர்மின்னூட்டம் கொண்டவை. சோப்பு போன்ற எதிர்மின் பரப்பியங்கிகள் கலந்திருந்தால் அந்த மின்னூட்டம் இன்னும் கூடும். உங்கள் கழுவுநீரின் பி.எச். 7 முதல் 8 வரை இருக்குமானால், அலுமினாப் பரப்பு நேர்மின்னூட்டத்துடன் துளிகளைத் தன்பால் இழுத்து ஒட்டவைத்துக்கொள்கிறது. அதே நீரில் டைட்டானியாவும் சிர்கோனியாவும் எதிர்ப்பக்கத்தில் நின்று துளிகளைத் தள்ளிவிடும். ஒட்டுவது குறைந்தால் கழுவ வேண்டிய தேவை குறையும். கழுவுவது குறைந்தால் உங்கள் தாங்கிக்கு ஆயுள் கூடும். எனவே மேலடுக்கை மாற்றுவது தாங்கியின் நோயைக் குணமாக்காது என்றாலும் நோய் முற்றும் வேகத்தைக் குறைக்கும்.

காரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. "அலுமினா காரத்தில் கரையும்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது தவறு. போமைட் என்னும் நீரேறிய அலுமினாவின் கூழ்மத்தைப் பூசி 400 முதல் 600 டிகிரிக்குள் சுட்டுப் பெறும் காமா அலுமினாவுக்கு அது பொருந்தும். 4 அல்லது 5 நானோமீட்டர் துளைகள் கொண்ட அந்த அடுக்கு வலுவான அமிலத்திலும் காரத்திலும் நிற்காது. ஆல்பா அலுமினா வேறு ரகம். உங்கள் கழுவல் அதை எளிதில் அசைக்காது. ஒரே வேதி வாய்பாடு, ஆனால் படிக அமைப்பு வேறு, பரப்பளவு வேறு, குணமும் வேறு. பீங்கான் சவ்வுகள் முதலில் பெரிய அளவில் வளர்ந்தது பிரான்சில் யுரேனியம் செறிவூட்டலுக்காக. அந்த அனுபவம் 1980களில் பால், பழச்சாறு வடிகட்டலுக்கு வந்தபோது, தினமும் சூடான காஸ்டிக்கால் கழுவ வேண்டிய நிலை ஏற்பட்டது. சிர்கோனியாவும் டைட்டானியாவும் அங்கே நிலைபெற்றதற்கு அந்தக் கழுவலைத் தாங்கியது ஒரு முக்கியக் காரணம்.

இனி வெடிப்பு. தூய சிர்கோனியா அறை வெப்பத்தில் மோனோகிளினிக் படிகமாக இருக்கிறது. ஏறத்தாழ 1170 டிகிரியில் டெட்ராகோனலாக மாறுகிறது. குளிரும்போது பழைய வடிவத்துக்குத் திரும்புகையில் 3 முதல் 5 சதவீதம் வரை பருமன் பெருக்கிறது. கெட்டியான சிர்கோனியாப் பொருள் எதுவும் அந்தப் பெருக்கத்தைத் தாங்காது. அந்த மாற்றத்தைத் தடுக்கும் இட்ரியா (இட்ரியம் ஆக்சைடு) 3 மோல் சதவீதம் கலந்த தூளை வாங்கச் சொல்வது இதனால்தான். ஆனால் நீங்கள் சுட்டது 1100 டிகிரி. மிக நுண்ணிய தூளில் மாற்றம் சற்றுக் குறைந்த வெப்பத்திலும் நடக்கக்கூடும் என்றாலும், நீங்கள் விவரிக்கும் கட்டம் கட்டமான வெடிப்பு எனக்கு வேறொன்றை நினைவூட்டுகிறது. பூச்சு சுருங்க விரும்புகிறது. கீழே ஏற்கெனவே சுட்டு இறுகிய தாங்கி அதைப் பக்கவாட்டில் சுருங்க விடுவதில்லை. அந்த இழுபறியைத் தடிமனான பூச்சு வெடித்துத் தீர்த்துக்கொள்கிறது. மெல்லிய பூச்சு வெடிக்காமல் தப்பும். எவ்வளவு தடிமனாகப் பூசினீர்கள், தூளின் அளவு என்ன என்று தெரிவித்தால் இன்னும் உறுதியாகச் சொல்லலாம்.

டைட்டானியாவுக்குப் போவதானால் ஒன்றை மறக்காதீர்கள். கூழ்ம முறையில் கிடைக்கும் அனாட்டேஸ் வடிவம் பெரும்பாலும் 600 டிகிரிக்கு மேல் ரூட்டைலாக மாறத் தொடங்கும், அடர்த்தி 3.9 இலிருந்து 4.2 ஆக உயர்வதோடு துகள்களும் விறுவிறுவென்று வளர்ந்து நுண்துளைகளை விழுங்கிவிடும். உங்களுக்கு 0.2 மைக்ரான் துளைதான் தேவை என்பதால், ஏற்கெனவே ரூட்டைலாக உள்ள தூளைப் பூசுவதே நல்லது.

பாய்வுக்கணக்கு எழுதியது:

மேலே உள்ள இருவரும் பொருளைப் பார்க்கிறார்கள். நான் ஓட்டும் முறையைப் பார்க்கிறேன். என் கருத்தில் முதல் தவறு அங்கேதான் நடக்கிறது, அதனால் சற்று அழுத்தியே சொல்கிறேன்.

2.5 பார் அழுத்தமும் நொடிக்கு 1 மீட்டர் வேகமும் ஒன்றோடொன்று பொருந்தாதவை. எண்ணெய்த் துளி நெகிழ்வானது. அழுத்தம் கூடினால் நசுங்கித் துளைக்குள் புகுந்துவிடும். பக்கவாட்டில் அடித்துச் செல்ல வேண்டிய நீரோட்டமோ மெதுவாக இருக்கிறது. பீங்கான் குழாய்ச் சவ்வுகளை நொடிக்கு 3 முதல் 5 மீட்டர் வரை வேகத்தில் ஓட்டுவது வழக்கம். அழுத்தத்தை 1 பாருக்குக் குறைத்து வேகத்தைக் கூட்டிப் பாருங்கள். தொடக்க மணி நேரத்தில் வடிநீர் குறைவாக வரும், அது உண்மை. ஆனால் மாலையில் எவ்வளவு வருகிறது என்பதை வைத்துத்தான் ஒரு நாளை எடைபோட வேண்டும். தினமும் 80 டிகிரி காஸ்டிக் என்பது வைத்தியமே நோயாகும் நிலை. பல நாட்களுக்குப் பரப்பியங்கி கலந்த, பி.எச். 11 அளவுள்ள, 50 டிகிரிக் கரைசலே போதுமானதாக இருக்கும்.

இந்த இடத்தில் சூளையடி அவர்களுடன் சற்று மாறுபடுகிறேன். மண் சேர்த்துச் சுட்ட தாங்கியைக் குப்பையில் போட வேண்டியதில்லை. கடுங்காரக் கழுவல் தேவைப்படாத நீருக்கு அது நேர்மையாக உழைக்கும் பொருள். குறைந்த வெப்பத்தில் சுடுவதால் எரிபொருளும் மிச்சம். எந்த நீருக்கு எந்தத் தாங்கி என்று பிரித்துக்கொள்வதே முறை.

சூளையடி அவர்கள் சொல்லாமல் விட்ட ஒரு கணக்கையும் போட்டுவிடுகிறேன், ஏனெனில் புதிய தாங்கி செய்யும்போது அது தேவைப்படும். நுண்துளைமை 0.35, துளைப்பாதையின் வளைவுக் காரணி 2.5, நீரின் பாகுநிலை 0.001 பாஸ்கல் நொடி என்று கொண்டு, நுண்குழாய் வழிப் பாய்வைக் கணக்கிடும் ஹேகன்–பாய்சியூல் சமன்பாட்டில் இட்டால், 20 மைக்ரான் தடிமனும் 0.2 மைக்ரான் துளையும் உள்ள உங்கள் மேலடுக்கு மட்டும் 1 பாரில் சதுர மீட்டருக்கு மணிக்கு ஏறத்தாழ 3,150 லிட்டர் விடும். 2 மில்லிமீட்டர் தடிமனும் 3 மைக்ரான் துளையும் உள்ள தாங்கி மட்டும் 7,100 லிட்டர் விடும். இரண்டு தடைகளும் அடுத்தடுத்து இருப்பதால் சேர்த்துக் கணக்கிட்டால் 2,180 வருகிறது. நீங்கள் அளந்தது 2,100. சமன்பாடு உங்கள் குழாயை அறிந்தே வைத்திருக்கிறது.

இப்போது கவனியுங்கள். தாங்கியை வலுவாக்குகிறேன் என்று துளையை 1 மைக்ரானாகக் குறைத்துவிட்டால், துளை விட்டத்தின் இருமடிப்படி பாய்வில் வருவதால், தாங்கி 790 லிட்டர்தான் விடும். மொத்தம் 630 ஆகச் சரிந்துவிடும். மேலடுக்கை எவ்வளவு அருமையாகப் பூசினாலும் அதை மீட்க முடியாது. தாங்கி என்பது வெறும் முதுகெலும்பு என்று எண்ணுபவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

வடிநீர் எழுதியது:

மூவருக்கும் நன்றி. சொன்னவற்றைச் செய்து பார்த்துவிட்டு வருவதற்கு மூன்று வாரம் ஆகிவிட்டது.

பாலிபுரோப்பிலீன் புட்டியில் 100 மணி நேரம் ஊறிய எங்கள் தாங்கித் துண்டுகள் சராசரியாக 1.9 சதவீதம் எடை இழந்தன. நொறுங்கும் விசை பாதிக்கும் கீழே போய்விட்டது. ஊறிய துண்டின் வெட்டுமுகத்தை விரலால் தேய்த்தால் வெள்ளைத் தூள் ஒட்டுகிறது; ஊறாத துண்டில் அப்படி எதுவும் இல்லை. மாலிப்டேட் சோதனையில் கரைசல் கரும்நீலமாகியது. வேறொரு ஆய்வகத்தில் கடனாகப் பெற்ற தூய அலுமினாத் துண்டின் எடையில் எங்கள் தராசுக்குத் தெரியும் மாற்றம் எதுவும் இல்லை. கெட்டுப்போன குழாயை நீளவாக்கில் பிளந்து பார்த்தேன். உட்புறத்தில் ஐந்தாறு இடங்களில் பூச்சு கடுகளவு வட்டங்களாகப் பெயர்ந்திருந்தது. மற்ற இடங்களில் பூச்சு வழவழப்பாகவும் முழுமையாகவும் இருக்கிறது. சூளையடி அவர்கள் குழாயைப் பார்க்காமலே சொன்னது அப்படியே இருந்தது.

இடையடுக்கு இல்லை என்பது உண்மைதான். பாலிவினைல் ஆல்கஹால் குழம்பைத் தடிப்பாக்கி, தூள் துளைக்குள் இறங்காமல் பார்த்துக்கொள்ளும் என்று நம்பியிருந்தோம். வெடித்த சிர்கோனியாப் பூச்சின் தடிமன் 35 மைக்ரான், தூள் 0.3 மைக்ரான், இட்ரியா கலக்காதது.

பாய்வுக்கணக்கு அவர்கள் சொன்னபடி 1 பார் அழுத்தத்துக்கும் நொடிக்கு 3.5 மீட்டர் வேகத்துக்கும் மாறியிருக்கிறோம். காலையில் வடிநீர் முன்பைவிடக் குறைவு. பிற்பகலில் முன்பைவிடக் கூடுதல். கடுங்காரக் கழுவலை நான்கு நாட்களுக்கு ஒருமுறை என்று தள்ளிவைக்க முடிந்திருக்கிறது.

எங்கள் சூளை 1550 டிகிரிக்கு மேல் ஏறாது. களிமண் இல்லாமல் அந்த வெப்பத்துக்குள் தாங்கி செய்ய வழி இருக்கிறதா?

சூளையடி எழுதியது:

விரலில் ஒட்டிய அந்த வெள்ளைத் தூளைப் பற்றி எழுதியதற்கு நன்றி. அது கழுத்தறுந்த அலுமினாத் துகள். எடைத் தராசும் நிறச் சோதனையும் சொன்னதைவிட அந்த ஒரு வரி எனக்குத் தெளிவாகச் சொன்னது.

1550 டிகிரியில் வழி இருக்கிறது. 10 மைக்ரான் தூளோடு, 1 மைக்ரானுக்கும் குறைவான நுண்ணிய ஆல்பா அலுமினாவை 15 சதவீதம் அளவில் கலந்துகொள்ளுங்கள். சிண்டரிங்கை, அதாவது துகள்கள் உருகாமலே சூட்டில் ஒட்டுவதை, உந்துவது பரப்பாற்றல். துகள் நுண்ணியதாக ஆக ஒட்டும் வெப்பமும் இறங்கும். நுண்ணிய துகள்கள் பெரியவற்றின் இடுக்குகளில் தங்கி, தாம் உருகாமலே பரவி, கழுத்துகளாக மாறுகின்றன. பெரிய துகள்களின் சட்டகம் அசையாது. எனவே துளை அளவும் பெரிதாக மாறாது. அளவு மீறிச் சேர்த்தால் துளைகளை நிரப்பிவிடும். பாய்வுக்கணக்கு அவர்கள் போட்ட 1 மைக்ரான் கணக்கை அப்போது நீங்களே கண்கூடாகப் பார்ப்பீர்கள். பத்து, பதினைந்து, இருபது என்று மூன்று கலவைகளைச் சிறு வில்லைகளாகச் சுட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

1 சதவீதம் டைட்டானியா சேர்த்தால் அலுமினா இன்னும் குறைந்த வெப்பத்தில் இறுகும் என்று படித்திருப்பீர்கள். அது உண்மையே. ஆனால் 1280 டிகிரிக்கு மேல் இரண்டும் கூடி அலுமினியம் டைட்டானேட் உருவாகும். அந்தப் படிகம் ஒவ்வொரு திசையிலும் வெவ்வேறு அளவில் விரிவதால், குளிரும்போது கழுத்துகளிலேயே நுண்வெடிப்பை உண்டாக்கும். கழுத்தைக் காப்பாற்றவே இவ்வளவு பாடு என்பதால் முதல் முயற்சியில் அது வேண்டாம்.

இடையடுக்கு கட்டாயம் தேவை. சமமான மூன்று கோளங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும்போது நடுவில் கிடைக்கும் வழி, கோளத்தின் விட்டத்தில் ஆறில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. நடைமுறையில் துகள்கள் அவ்வளவு ஒழுங்காக அமைவதில்லை. எனவே துளை, துகளின் அளவில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இருக்கும். 3 மைக்ரான் துளையின் மேல் 2.5 மைக்ரான் தூளைப் பூசினால் ஏறத்தாழ 0.8 மைக்ரான் துளை கிடைக்கும். அதன் மேல் 0.5 மைக்ரான் தூள் இறங்காமல் உட்காரும். தடிப்பாக்கிய குழம்பு ஓரளவுக்குத்தான் கைகொடுக்கும். தாங்கியில் ஒரு பெரிய துளை இருந்துவிட்டால், அங்கே குழம்பு உறிஞ்சப்பட்டுப் பூச்சின் மேல் குழி விழும். உங்கள் கடுகளவு வட்டங்களில் சில அங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும்.

சிர்கோனியா வெடித்ததற்கு 35 மைக்ரான் தடிமனே போதுமான காரணம். 0.3 மைக்ரான் தூள் சுருங்கும் அளவுக்கு அது மிக அதிகம். 8 முதல் 10 மைக்ரான் வரை ஒரு பூச்சு, சுட்ட பிறகு தேவைப்பட்டால் அதன் மேல் இன்னொன்று என்று பிரித்துப் போடுங்கள். உலர்ந்த தாங்கி குழம்பின் நீரைத் தந்துகி விசையால் உறிஞ்சும். தடிமன் நேரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப வளரும். அதாவது குழம்பு குழாய்க்குள் நிற்கும் நேரத்தைக் கால் பங்காக்கினால் தடிமன் பாதியாகும். கைக்கடிகாரமே இங்கே முக்கியக் கருவி. பூசிய குழாயின் வாய்களை மூடி, காற்றோட்டமில்லாத இடத்தில் ஒரு நாள் முழுவதும் காயவிடுங்கள். நிமிடத்துக்கு 1 டிகிரிக்கு மேல் போகாமல் 500 டிகிரி வரை ஏற்றினால் பாலிவினைல் ஆல்கஹால் அமைதியாக எரிந்து வெளியேறும். தூள் 3 மோல் சதவீதம் இட்ரியா கலந்ததாகவே இருக்கட்டும். அடுத்த முறை 1200 டிகிரிக்குப் போக வேண்டி வந்தாலும் கவலை இருக்காது.

சமமின்புள்ளி எழுதியது:

ஒரு சிறு சேர்க்கை. சிர்கோனியாவுக்கு மாறிய பிறகு அமிலக் கழுவலில் பாஸ்பாரிக் அமிலத்தைப் பயன்படுத்தாதீர்கள். பாஸ்பேட் அயனி சிர்கோனியாவின் பரப்பிலும் டைட்டானியாவின் பரப்பிலும் இறுகப் பற்றிக்கொண்டு அதன் மின்னூட்டத்தையே மாற்றிவிடும். பிறகு வடியும் வீதம் ஏன் மாறியது என்று புரியாமல் நாட்கள் போகும். நைட்ரிக் அமிலமோ சிட்ரிக் அமிலமோ நல்லது. ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தை எந்த நிலையிலும் அருகில் கொண்டுவர வேண்டாம்.

வடிநீர் எழுதியது:

மிக்க நன்றி. மூன்று கலவைகளுக்கும் வில்லைகள் அச்சில் இருக்கின்றன. தாங்கி சரியாக வந்ததா என்பதைப் பூசுவதற்கு முன்பே அறிய ஒரு வழி இருந்தால் சொல்லுங்கள். பூசிச் சுட்ட பிறகு குறையைக் கண்டுபிடிப்பதில் ஒவ்வொரு முறையும் இரண்டு வாரம் போகிறது.

சூளையடி எழுதியது:

வெறும் தாங்கிக்கே குமிழ் அழுத்தம் பாருங்கள். ஐசோபுரோப்பனாலில் நன்றாக ஊறவைத்து, குழாயின் ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் காற்றை மிக மெதுவாக ஏற்றிக்கொண்டே, குழாய் முழுவதும் திரவத்துக்குள் கிடக்கும்படி வைத்துக் கவனியுங்கள். 3 மைக்ரான் துளையுள்ள நல்ல தாங்கியில் 0.3 பார் அளவில் பல இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் மெல்லிய குமிழ்கள் எழும். 0.1 பாருக்குள்ளேயே ஓரிடத்திலிருந்து மட்டும் குமிழ் கிளம்பினால் அங்கே 9 மைக்ரானுக்குக் குறையாத ஓட்டை இருக்கிறது. அந்த இடத்தைப் பென்சிலால் குறித்துவிட்டு, அந்தக் குழாயைப் பூச்சுக்கு அனுப்பாமல் வெட்டிப் பாருங்கள்; பெரும்பாலும் சரியாகக் கலக்காத மாவுப்பசைக் கட்டி எரிந்த பொந்தாக இருக்கும்.